நாடா தருவது விட்டம், சூத்திரம் கேட்பது ஆரம்

வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி வட்டத்தைப் பற்றியதாகவே அமைந்துவிட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, வட்டக் கணக்குகளுக்கு மட்டும் இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களுள் சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லாருக்கும் பொதுவாக ஊரை மட்டுமே குறித்துள்ளேன்.

கேள்வி: என் மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். 35 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும்படி வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் கற்றபடி 22/7 ஆல் பெருக்கி 110 செ.மீ. என்றேன். அவள் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு 109.96 என்கிறாள். எது சரி?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தட்டின் விளிம்பை நாடாவால் சுற்றி அளந்தால், நாடா சற்றே சாய்ந்தாலும் அதைவிடக் கூடுதலான பிழை வந்துவிடும். எனவே தட்டைப் பொறுத்தவரை இருவருமே சரிதான். ஆனால் ஏன் இரு விடைகள் வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும், அதன் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் மாறுவதே இல்லை. அந்த எண்ணைத்தான் பை என்கிறோம். அது 3.14159265 என்று தொடங்கி முடிவில்லாமல் நீள்கிறது. முழு எண்களாலான எந்தப் பின்னத்தாலும் அதை அப்படியே எழுதிவிட முடியாது என்பதை யோஹான் லாம்பர்ட் 1761 இல் நிறுவினார். ஆகவே 22/7 உம் தோராயம், 3.14 உம் தோராயம், கால்குலேட்டரில் தெரியும் பத்து இலக்கமும் தோராயமே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை அமைத்து, இந்த எண் 3 10/71 ஐவிடப் பெரியது, 3 1/7 ஐவிடச் சிறியது என்று காட்டினார். நீங்கள் பள்ளியில் கற்ற 22/7 அவர் காட்டிய அந்த மேல் எல்லைதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 3.14 தான் துல்லியமானது, 22/7 பழைய பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 22/7 ஏறக்குறைய 0.04 விழுக்காடு கூடுதலாகவும் 3.14 ஏறக்குறைய 0.05 விழுக்காடு குறைவாகவும் இருப்பதால், உங்கள் பின்னமே உண்மைக்கு நெருக்கமானது.

தேர்வில் மட்டும் வேறு நியாயம். வினாத்தாளில் பையின் மதிப்பாக எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களோ அதையே எடுக்கவேண்டும். 7, 14, 21, 35 போன்ற எண்கள் கொடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 22/7 ஆகத்தான் இருக்கும். மகள் மலாய் மொழியில் படிப்பவளாக இருந்தால் ஆரத்தை ஜெஜாரி என்றும், சுற்றளவை லிலித்தான் என்றும், பரப்பளவை லுவாஸ் என்றும் சொல்வாள். வீட்டில் சேர்ந்து கணக்குப் போடும்போது இந்த மூன்றையும் நீங்கள் அறிந்திருந்தால் பேச்சு தடைப்படாது.

அவளுக்குக் கண்ணால் காட்ட விரும்பினால் ஒரு 20 சென் நாணயம் போதும். 2012 முதல் புழக்கத்தில் உள்ள அந்த நாணயத்தின் விட்டம் 20.6 மி.மீ. விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி இட்டு, அந்தப் புள்ளி தாளைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மீட்டர் கோலை ஒட்டி நாணயத்தை உருட்டச் சொல்லுங்கள். வழவழப்பான மேசையில் நாணயம் உருளாமல் சறுக்கும் என்பதால் அடியில் செய்தித்தாளை விரித்துக்கொள்ளவேண்டும். பத்துச் சுற்று முடிந்து புள்ளி மறுபடி கீழே வரும் இடம் தொடக்கத்திலிருந்து 64.7 செ.மீ. தொலைவில் இருக்கும். அதைப் பத்து விட்டங்களின் நீளமான 20.6 செ.மீ. கொண்டு வகுத்தால் 3.14 வந்து நிற்கும். ஒரே சுற்றில் அளந்தால் அரை மில்லிமீட்டர் தவறினாலும் விடை கெட்டுவிடும். பத்துச் சுற்றில் அந்தத் தவறு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

கேள்வி: சுற்றளவுக்கு ஒரு சூத்திரம், பரப்பளவுக்கு ஒரு சூத்திரம். இரண்டிலும் பையும் ஆரமும் வருவதால் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறேன். மனத்தில் பதிய ஒரு வழி சொல்லுங்கள், ஐயா.
இடைநிலைப்பள்ளி மாணவர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தம்பி, மனப்பாடம் செய்யாமல் பிறப்பைத் தெரிந்துகொண்டால் மாறாது. சுற்றளவு என்பது ஒரு நீளம். அது விட்டத்தைப்போல் பை மடங்கு. விட்டம் இரண்டு ஆரங்களுக்குச் சமம் என்பதால் 2 × பை × ஆரம் என்று எழுதுகிறார்கள். அதில் ஆரம் ஒருமுறைதான் வரும். பரப்பளவோ சதுர அலகில் வருவது; எனவே ஆரம் தன்னோடு தானே பெருகி இருமுறை வந்தாகவேண்டும். விடைக்குப் பின்னால் செ.மீ. எழுதப் போகிறாயா, சதுர செ.மீ. எழுதப் போகிறாயா என்று முதலில் பார்த்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பரப்பளவு ஏன் பை × ஆரம் × ஆரம் என்பதை ஒரு தாளில் வெட்டிப் பார்க்கலாம். வட்டமான தாளை மையத்திலிருந்து 16 சம துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் முனை மேலேயும் அடுத்ததன் முனை கீழேயும் வருமாறு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஏறக்குறைய ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் உயரம் ஆரம். அதன் நீளம் சுற்றளவில் பாதி, ஏனென்றால் வளைந்த விளிம்புகளில் பாதி மேலேயும் பாதி கீழேயும் போய்விட்டன. துண்டுகளை எவ்வளவு மெல்லியதாக வெட்டுகிறாயோ அவ்வளவுக்கு அது உண்மையான செவ்வகத்தை நெருங்கும். பாதிச் சுற்றளவு என்பது பை × ஆரம். அதை உயரமாகிய ஆரத்தால் பெருக்கினால் சூத்திரம் தானே வந்துவிடுகிறது. காரி நாயனாரின் பழந்தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரமும் இதே விதியைத்தான் சொல்கிறது: வட்டத்தில், அதாவது சுற்றளவில், பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி, அதாவது பரப்பு, கிடைக்கும். அந்த விதியில் பை என்ற எண்ணே தலைகாட்டுவதில்லை என்பதைக் கவனி. சுற்றளவையும் விட்டத்தையும் அளந்துவிட்டால் பரப்பளவுக்கு வேறெந்த எண்ணும் தேவையில்லை.

விடை சரியா என்று விரைவாகச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. படகுத் துறையிலிருந்து கடலுக்கு அக்கரையில் தெரியும் கொம்தார் கோபுரத்தை நீ பார்த்திருப்பாய். அதன் தளவடிவம் பன்னிரண்டு பக்கங்கள் கொண்டது. ஒரு வட்டத்துக்குள் மூலைகள் விளிம்பைத் தொடும்படி அத்தகைய ஒழுங்கான பன்னிரு பக்க வடிவத்தை வரைந்தால், அதன் பரப்பளவு சரியாக 3 × ஆரம் × ஆரம் ஆகும். தோராயமாக அன்று, சரியாகவே. மையத்திலிருந்து மூலைகளுக்குக் கோடு இழுத்தால் பன்னிரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒரு மூலையை இணைத்தால் வரும் அறுகோணத்தின் பக்கம் ஆரத்துக்குச் சமம். நடுவில் விடுபட்ட மூலைக்குப் போகும் ஆரம் அந்தப் பக்கத்தைச் செங்குத்தாக இரண்டாகப் பிரிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சிறு முக்கோணத்துக்கும் அடிப்பக்கம் ஆரம், உயரம் அரை ஆரம், பரப்பளவு ஆர வர்க்கத்தில் கால் பங்கு. பன்னிரண்டு கால் சேர்ந்தால் மூன்று. வட்டம் அந்த வடிவத்தைவிடச் சற்றே பெரியது என்பதால், எந்த வட்டத்தின் பரப்பளவும் ஆர வர்க்கத்தின் மூன்று மடங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரவேண்டும். உன் விடை அதிலிருந்து வெகுதூரம் போனால் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் பிசகுவது ஒரே இடத்தில்தான். கணக்கில் விட்டம் 14 செ.மீ. என்று கொடுத்திருப்பார்கள், அவசரத்தில் 14 ஐ ஆரமாக எடுத்தால் 616 சதுர செ.மீ. வரும். ஆரம் 7 என்று எடுத்தால் வரும் சரியான விடை 154. சுற்றளவில் இதே தவறு விடையை இரண்டு மடங்காக்கும். பரப்பளவில் நான்கு மடங்காக்கும். வீட்டிலும் கடையிலும் நாடாவை நீட்டி நாம் அளப்பது விட்டம். சூத்திரம் கேட்பது ஆரம். கணக்கின் முதல் வரியிலேயே ஆரம் = 7 என்று எழுதிவிட்டுத் தொடங்கு.

கேள்வி: வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். என் செய்முறை 6 அங்குலத் தட்டுக்கானது. வாடிக்கையாளர் ஒருவர் 9 அங்குல கேக் கேட்டார். ஒன்றரை மடங்கு மாவு எடுத்தேன். கேக் தட்டையாகப் போய்விட்டது. விலையும் ஒன்றரை மடங்குதான் சொல்லியிருந்தேன். எங்கே தவறு?
வாசகி, செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: ஒன்றரை மடங்கு என்பது விட்டத்துக்குப் பொருந்தும், மாவு நிரப்புவதோ பரப்பை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. ஆகவே அதே உயரத்தில் 9 அங்குல கேக் வேண்டுமானால் மாவு இரண்டேகால் மடங்கு வேண்டும். 6 அங்குல வட்டத்தின் பரப்பளவு 28.3 சதுர அங்குலம், 9 அங்குலத்துக்கு 63.6. இரண்டு சிறிய கேக்கைச் சேர்த்தாலும் 56.6 தான் ஆகிறது. ஒரு 9 அங்குல கேக் அதைவிடப் பெரியது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லிக்காட்டினால் விலையைப் பற்றிப் பேச்சு எழாது. சிறிய கேக்கின் மாவுக்கு 20 ரிங்கிட் செலவானால் பெரியதற்கு 45 ரிங்கிட் ஆகும், 30 அன்று.

க்ரீமில் மட்டும் நிலைமை வேறு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்பரப்புக்குப் பூசும் க்ரீம் 2.25 மடங்கு கூடுகிறது. ஆனால் பக்கச்சுவரின் பரப்பு சுற்றளவை உயரத்தால் பெருக்கி வருவது என்பதால் அது ஒன்றரை மடங்குதான் கூடும். நான்கு அங்குல உயர கேக் என்று வைத்துக்கொண்டால், சிறியதற்கு மேலே 28.3, பக்கத்தில் 75.4, ஆக 103.7 சதுர அங்குலம், பெரியதற்கு 63.6 உம் 113.1 உம் சேர்ந்து 176.7. எனவே க்ரீம் ஏறக்குறைய 1.7 மடங்கு போதும். சுற்றிக் கட்டும் ரிப்பன் ஒன்றரை மடங்கு. ஒரே கேக்கில் மூன்று விதமான பெருக்கம். இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படலாம்: 8 அங்குலச் சதுரத் தட்டின் பரப்பளவு 64, 9 அங்குல வட்டத் தட்டுக்கு 63.6. ஒன்றுக்குச் சொன்ன செய்முறையை மற்றதில் அப்படியே ஊற்றலாம்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியின் திடல் சிறியது. விளையாட்டுப் போட்டிக்கு 200 மீட்டர் ஓடுபாதை போடுகிறோம், ஒவ்வொரு தடமும் 1 மீட்டர் அகலம். வெளித்தடத்தில் ஓடும் பிள்ளைகளை எவ்வளவு முன்னே நிறுத்தவேண்டும்? பெரிய அரங்குகளில் இரண்டாம் தடத்துக்கு 7.04 மீட்டர் என்கிறார்கள். எங்கள் திடல் அதில் பாதி என்பதால் பாதி விட்டால் சரியாகுமா?
ஆசிரியை, பினாங்கு

பதில்: பாதி விட்டால் வெளித்தடப் பிள்ளைகள் கூடுதல் தூரம் ஓடவேண்டிவரும், வேண்டாம். இங்கேதான் வட்டம் எல்லாரையும் ஏமாற்றுகிறது. நேர்ப்பகுதியில் எல்லாத் தடங்களும் ஒரே நீளம், வேறுபாடு வளைவில்தான். இரண்டு அரைவட்ட வளைவுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். உள்தடத்தின் ஆரத்தோடு 1 மீட்டரைக் கூட்டினால் சுற்றளவு 2 × பை × 1, அதாவது 6.28 மீட்டர் கூடுகிறது. இதில் உள்தடத்தின் ஆரம் எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை என்பதைப் பாருங்கள். ஆரம் 15 மீட்டரானாலும் 36 மீட்டரானாலும், பூமியையே சுற்றி ஓடவிட்டாலும், 1 மீட்டர் அகலத் தடத்துக்கு ஒரு முழுச் சுற்றில் வரும் வேறுபாடு 6.28 மீட்டர்தான். எனவே ஒரு முழுச் சுற்று ஓடும் 200 மீட்டர் பந்தயத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் முந்தைய தடத்தைவிட 6.28 மீட்டர் முன்னே கோடு போடுங்கள். ஒரே ஒரு வளைவு மட்டும் வரும் பந்தயமானால் அதில் பாதி, 3.14 மீட்டர்.

பெரிய அரங்கின் 7.04 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 400 மீட்டர் நிலையான பாதையில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் உள்விளிம்பு ஆரம் 36.50 மீட்டர். ஓடுபவர் விளிம்பின் மேலேயே கால் வைக்கமாட்டார் என்பதால், முதல் தடத்தில் உயர்த்திக் கட்டிய விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்றத் தடங்களில் வெள்ளைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் தூரத்தை அளக்கிறார்கள். ஆரம் 36.80 என்று கொண்டு கணக்கிட்டால் வளைவுகள் 231.22, நேர்ப்பகுதிகள் 168.78, ஆக மொத்தம் சரியாக 400. தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் இடையே அந்த 30, 20 வேறுபாட்டால் ஆரம் 1.12 மீட்டர்தான் கூடுகிறது, அதனால் 7.04. அதற்கடுத்த ஒவ்வொரு தடத்துக்கும் முழு 1.22, அதனால் 7.67. எட்டாம் தடத்தில் நிற்பவர் முதல் தடத்தவரைவிட 53.03 மீட்டர் முன்னே நிற்பார். உங்கள் திடலில் உயர்ந்த விளிம்பு இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் என்றால் எல்லாத் தடத்துக்கும் 20 செ.மீ. என்றே வைத்துக்கொள்ளலாம், 6.28 மாறாது.

பாதையைப் போடுவதற்கு முன் திடலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நேர்ப்பகுதி 50 மீட்டர் வீதம் இரண்டு என்றால் வளைவு ஒவ்வொன்றும் 50 மீட்டர் வரவேண்டும். 50 ஐப் பையால் வகுத்தால் 15.92; அதில் 20 செ.மீ. கழித்து 15.72 மீட்டர் ஆரத்தில் உள்கோடு போடவேண்டும். ஆறு தடங்களோடு சேர்த்து அகலம் 43.4 மீட்டரும் நீளம் 93.4 மீட்டரும் பிடிக்கும். நீளம் போதாவிட்டால் நேர்ப்பகுதியைக் குறைத்து வளைவைக் கூட்டலாம், ஆனால் அப்போது அகலம் கூடிவிடும்.

கேள்வி: தீபாவளிக்கு ஒரு பேரங்காடியில் வண்ண அரிசிக் கோலம் போட ஒப்புக்கொண்டோம். 3 மீட்டர் விட்டத்தில் உள்வட்டம், அதைச் சுற்றி அரை மீட்டர் அகலத்தில் ஒரு கரை. உள்வட்டத்தை எட்டு இதழாகப் பிரிக்கிறோம். எவ்வளவு அரிசி வாங்குவது?
இளைஞர் குழு, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உள்வட்டத்தின் ஆரம் 1.5 மீட்டர், எனவே பரப்பளவு 7.07 சதுர மீட்டர். கரையின் பரப்பளவுக்கு 2 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தின் 12.57 லிருந்து 7.07 ஐக் கழித்தால் 5.50 சதுர மீட்டர். ஒடுக்கமாகத் தெரியும் கரை, நடுவட்டத்தின் முக்கால் பங்குக்கும் மேல் அரிசியைத் தின்றுவிடும். கோலக் குழுக்களுக்குக் கடைசி நேரத்தில் கரை வண்ணம் போதாமல் போவது இதனால்தான். கழிக்காமலேயே கணக்கிட இன்னொரு வழி: கரையின் நடுக்கோடு 3.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம்; அதன் சுற்றளவு 11 மீட்டர்; அதை அகலம் அரை மீட்டரால் பெருக்கினால் அதே 5.50.

எட்டு இதழில் ஒவ்வொன்றுக்கும் கோணம் 45 பாகை, அதாவது 360 இல் எட்டில் ஒன்று. பரப்பளவும் அவ்வாறே எட்டில் ஒன்றாக 0.88 சதுர மீட்டர். விளிம்பின் வில்நீளம் 9.42 மீட்டரில் எட்டில் ஒன்றாக 1.18 மீட்டர். ஒரு கிலோ அரிசி எவ்வளவு இடத்தை நிரப்பும் என்பது நீங்கள் தூவும் தடிப்பைப் பொறுத்தது. ஆகையால் தரையில் அரை மீட்டர்ச் சதுரம் ஒன்று வரைந்து, வழக்கமாகத் தூவும் தடிப்பில் நிரப்பி, அந்த அரிசியை எடை போடுங்கள். அது கால் சதுர மீட்டருக்கான எடை. நான்கால் பெருக்கி, மேலே சொன்ன பரப்பளவுகளால் பெருக்கினால் வண்ணம்தோறும் பட்டியல் தயாராகிவிடும்.

வட்டம் வரையும்போது நீளும் நைலான் கயிறு வேண்டாம்; முறுக்கு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பேரங்காடித் தரையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் ஒருவர் நடுவில் விரலால் நூலை அழுத்திப் பிடிக்கவேண்டியிருக்கும். நூலின் முடிச்சுக்கும் சுண்ணாம்புக்கட்டிக்கும் இடையே அளக்கவேண்டியது ஆரம், 1.5 மீட்டர். 3 மீட்டர் என்று அளந்து வரைந்துவிட்டு, கோலம் நான்கு மடங்காகிவிட்டதே என்று திகைத்தவர்களும் உண்டு.

கேள்வி: பழைய வட்ட மேசை ஒன்றின் நடுவில் குடைக்கம்பிக்குத் துளை போடவேண்டும். மையம் எங்கே என்று தெரியவில்லை.
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, செங்கோண மூலையுள்ள ஏதாவது ஒரு பெரிய அட்டை போதும். அட்டையின் மூலை மேசை விளிம்பில் சரியாகப் படும்படி வைத்தால், அட்டையின் இரண்டு ஓரங்களும் விளிம்பை வேறு இரண்டு இடங்களில் வெட்டும். அவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் அது விட்டம். மூலையை வேறோர் இடத்துக்கு நகர்த்தி இன்னொரு விட்டம் வரைந்தால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மையம். மூன்றாவதையும் வரைந்து அதே புள்ளியில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் துளையிடுங்கள். விழவில்லை என்றால் மேசை முழு வட்டமாக இல்லை.

கேள்வி: பை என்ற எண்ணை நம் முன்னோர் எல்லாருக்கும் முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: எல்லாருக்கும் முன்னர் என்பது மிகை. பாபிலோனியரும் எகிப்தியரும் ஆர்க்கிமிடீசும் காலத்தால் முந்தியவர்கள். ஆனால் மிகைப்படுத்தாமலே பெருமை கொள்ள இடமிருக்கிறது. ஆரியபட்டர் 499 இல் எழுதிய நூலில், 20,000 விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 62,832 என்று சொல்கிறார். வகுத்தால் 3.1416. கிட்டத்தட்ட என்று அவரே சொல்லியிருப்பது அவருடைய தெளிவைக் காட்டுகிறது. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் சீனாவின் சூ சோங்ஷி 355/113 என்ற பின்னத்தைக் கண்டார். ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்திலும் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் மாதவர், ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று முடிவின்றிப் போனால் பையில் கால்பங்கு கிடைக்கும் என்று கண்டார். அந்தத் தொடர் மிக மெதுவாகவே நெருங்கும். நூறு உறுப்புகளைக் கூட்டினாலும் 3.13 தான் வரும். அதனால் இறுதியில் ஒரு திருத்த எண்ணைச் சேர்த்தும், விரைவாக நெருங்கும் வேறொரு தொடரைக் கொண்டும், பதினொரு தசம இலக்கம்வரை சரியான மதிப்பை எட்டினார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914 இல் வெளியிட்ட தொடர்களில் ஒன்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைத் தருகிறது. 1985 இல் பில் காஸ்பர் அதைக் கணினியில் இட்டு ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். கூட்டத்தில் பேசுபவர்கள் இந்த ஆண்டுகளையும் எண்களையும் சொன்னாலே போதுமானது.

கேள்வி: தண்ணீர்த் தடைக்காக வீட்டின் பின்புறம் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறோம். மூடி இறுகியிருப்பதால் விட்டத்தை அளக்க முடியவில்லை. எத்தனை லிட்டர் மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?
இல்லத்தரசி, ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

பதில்: முடியும், அம்மா. தையல் நாடாவால் டிரம்மின் வயிற்றைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 180 செ.மீ. என்று வந்தால் அதைப் பையால் வகுத்து விட்டம் 57.3 செ.மீ. என்று பெறலாம். பிளாஸ்டிக்கின் தடிப்பு இரு பக்கமும் 3 மி.மீ. வீதம் போக உள்விட்டம் 56.7, ஆரம் 28.35. பரப்பளவு ஏறக்குறைய 2,525 சதுர செ.மீ. ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால், 10 செ.மீ. உயரத் தண்ணீருக்கு 25 லிட்டர் கணக்கு. விட்டத்தைத் தனியே காணாமல் நேரே பரப்பளவுக்குப் போகவேண்டுமானால், சுற்றளவைத் தன்னால் பெருக்கி, பையின் நான்கு மடங்காகிய 12.57 ஆல் வகுத்தால் போதும். தடிப்பைக் கழிக்காததால் விடை இரண்டு விழுக்காடு கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

வெளிப்புறத்தில் அழியாத மையால் 10 செ.மீ. இடைவெளியில் கோடுகள் இட்டு 25, 50, 75 என்று எழுதிவிடுங்கள். மாலை வெயில் பின்பக்கம் விழும்போது நீலப் பிளாஸ்டிக் வழியே நீர்மட்டம் நிழலாகத் தெரியும். டிரம்மின் அடிப்பகுதி உட்பக்கமாகக் குவிந்திருந்தால் முதல் கோட்டுக்கு மட்டும் இக்கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பகுதியை ஒன்றரை லிட்டர் போத்தலால் ஊற்றி அளந்து முதல் கோட்டின் எண்ணைத் திருத்திக்கொண்டு, அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் 25 கூட்டிக்கொண்டு போகலாம்.